பற்று வரவில் இல்லாத பெயர்கள்

அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஒரு சின்னக் கத்தோலிக்கக் கல்லூரியில் ஒன்பது வருடம் பர்சர் அலுவலகத்தில் இருந்தேன். நம் ஊரில் ஃபீஸ் கவுன்டர் என்போமே, அதுதான். அந்தக் கல்லூரி இப்போது இல்லை. பெயரைச் சொல்லப் போவதில்லை. கூட வேலை பார்த்தவர்கள் இன்னும் அதே ஊரில் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டு, பிள்ளை வளர்த்துக்கொண்டு இருக்கிறார்கள். கெட்டவர் என்று அங்கே யாரும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

மூடுவதற்கு இரண்டு வருடம் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், மேலதிகாரி என் மேஜைக்கு வந்தார். நர்சிங் படிக்கும் பிள்ளைகளுக்கென்று ஒரு பாட்டி எழுதிவைத்துவிட்டுப் போன அறக்கட்டளைப் பணம் இருந்தது. அதிலிருந்து ஒரு தொகையைச் சம்பளக் கணக்குக்கு மாற்றிப் பதிவு போடச் சொன்னார். “தொண்ணூறே நாள். அடுத்த செமஸ்டர் ஃபீஸ் வந்ததும் திருப்பி வைத்துவிடலாம்.” போட்டேன். ‘பதிவு செய்தவர்’ என்ற கட்டத்தில் என் இனிஷியல் தானாக விழுந்தது.

அதே மாதம்தான் மகள் வாஷிங்டனிலிருந்து கூப்பிட்டாள். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, எங்க ஃபீஸ்ல இன்னொரு வரி சேரப் போகுது. வேணும்னு நானும் ஓட்டுப் போட்டிருக்கேன். திட்டாதீங்க.”

“எவ்வளவு?”

“செமஸ்டருக்கு இருபத்தேழு டாலர் இருபது சென்ட்.”

ஃபீஸ் போட்டே பழகியவன் காதுக்கு அது உறுத்தியது. எந்தக் கல்லூரி இருபது சென்ட்டில் முடிகிற மாதிரி கட்டணம் வைக்கும்? “அதென்ன கணக்கு?” என்றேன்.

“இருநூத்தி எழுபத்திரண்டு பேருப்பா. 1838ல காலேஜ் கடனுக்காக சாமியாருங்க வித்த அடிமைங்க. இந்தக் காசு அவங்க சந்ததிக்கு உதவ.”

2019 ஏப்ரல் அது. அந்த விஷயம் எனக்கு அதுவரை அரைகுறையாகத்தான் தெரியும். மகளைச் சேர்க்கும்போது ஸ்காலர்ஷிப் எவ்வளவு, ஹாஸ்டல் எவ்வளவு என்று துருவித் துருவிப் பார்த்தவன், கல்லூரி எதன்மேல் நிற்கிறது என்று பார்க்கவில்லை. அன்று ராத்திரி படிக்க ஆரம்பித்தேன். பகலில் செத்துக்கொண்டிருக்கும் ஒரு கல்லூரியின் கணக்கு, ராத்திரியில் இருநூறு வருடத்துக்கு முந்திய சாமியார்களின் கணக்கு. சில நாள் எது எந்தக் கல்லூரி என்று குழம்பிப்போகும்.

நான் பாளையங்கோட்டைக்காரன். சேசு சபைச் சாமியார்கள், ஜெசூட் என்பார்களே, அவர்கள் நடத்தும் கல்லூரியின் மணிச்சத்தத்தில் வளர்ந்தவன். சாமியார் கல்லூரி என்றால் கண்டிப்பு, ஒழுங்கு, பைசா தவறாத கணக்கு என்பது எங்கள் தெருவில் யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கை. அமெரிக்காவில் முதல் அறுபது எழுபது வருடம் அவர்கள் கல்லூரி நடத்திய லட்சணத்தைப் படித்தபோது, மளிகைக்குக் கடன் வைத்துக்கொண்டு மெஸ் நடத்துகிற ஆள்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

ஆரம்பமே வேடிக்கை. அவர்களின் முதல் அமெரிக்கக் கல்லூரியான ஜார்ஜ்டவுன் தொடங்கியபோது அமெரிக்காவில் சேசு சபை என்ற ஒன்றே கிடையாது. 1773இல் பாப்பரசர் பதினான்காம் கிளமெண்ட் அதைக் கலைத்துவிட்டார். மேரிலாந்தில் இருந்த சாமியார்கள் சபை இல்லாத சபைக்காரர்களாக, பழைய நிலபுலன்களை விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டு காலம் தள்ளினார்கள். அவர்களில் ஒருவரான ஜான் கரோல், பிற்பாடு அமெரிக்காவின் முதல் கத்தோலிக்க ஆயர் ஆனவர், 1789 ஜனவரியில் பொட்டோமாக் ஆற்றங்கரை மேட்டில் ஒன்றரை ஏக்கரை 75 பவுண்டுக்கு வாங்கினார். முதல் மாணவன் உள்ளே வந்தது 1791 நவம்பரில். வில்லியம் கேஸ்டன், வட கரோலினாப் பையன், வயது 13. அந்தப் பையன்தான் வளர்ந்து காங்கிரஸ் உறுப்பினராகி, 1815இல் கல்லூரிக்குப் பட்டம் கொடுக்கும் சாசனம் கிடைக்க வழிசெய்தான். பழைய மாணவர்களிடம் நன்கொடை கேட்கிறவர்களுக்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது.

என் தொழிலுக்கு நெருக்கமான விஷயம் இனிமேல்தான். சபையை நிறுவிய இஞ்ஞாசியார் காலத்திலிருந்து ஒரு விதி: பாடம் சொல்லித் தரக் காசு வாங்கக் கூடாது. இலவசமாகப் பெற்றதை இலவசமாகவே கொடு என்ற நற்செய்தி வாக்கை அவர்கள் சட்டமாகவே எடுத்துக்கொண்டார்கள். ஐரோப்பாவில் இது நடந்தது. ஒரு ஊரில் கல்லூரி வேண்டும் என்றால் அந்த ஊர் இளவரசனோ, ஆயரோ, பெரிய சீமாட்டியோ நிலமும் வருமானமும் எழுதிவைத்த பிறகுதான் சபை அங்கே போகும். அமெரிக்காவில் இளவரசன் ஏது? கத்தோலிக்கர்கள் கொஞ்சம் பேர், அவர்களிலும் பின்னால் கப்பல் கப்பலாக வந்து இறங்கியவர்கள் ஏழை ஐரிஷ்காரர்கள். ஆனால் விதி அப்படியே இருந்தது. விடுதி மாணவனிடம் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் வாங்கலாம், அதை வைத்து ஒப்பேற்றலாம். தினமும் வந்து போகிற நகரத்துப் பையனிடம் எதை வாங்குவது?

வாஷிங்டன் நகருக்குள்ளேயே 1821இல் ஒரு பள்ளி திறந்தார்கள். வேறு வழியில்லாமல் ஃபீஸ் வாங்கினார்கள். பிள்ளைகள் வந்தார்கள், நன்றாக ஓடியது. விதியை மீறிவிட்டீர்கள் என்று மேலிடம் சொல்ல, 1827இல் அதை மூடினார்கள். ஓடாத பள்ளியை மூடுவதைப் பார்த்திருக்கிறேன். நன்றாக ஓடுகிறது, காசு வாங்குகிறது என்ற காரணத்துக்காக மூடப்பட்ட பள்ளியைப் பற்றி அப்போதுதான் படித்தேன். கடைசியில் 1833இல் பாப்பரசர் பதினாறாம் கிரகோரி விலக்குக் கொடுத்தார், அமெரிக்கச் சாமியார்கள் ஃபீஸ் வாங்கலாம் என்று. அதற்குள் ஜார்ஜ்டவுனுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது.

அந்த நாற்பது வருடம் பற்றாக்குறையை யார் கட்டினார்கள்? மேரிலாந்தில் சபைக்குப் பல்லாயிரம் ஏக்கர் பண்ணைகள் இருந்தன. செயின்ட் இனிகோஸ், நியூடவுன், ஒயிட் மார்ஷ். உழுதது, அறுத்தது, புகையிலை கட்டியது எல்லாம் அடிமைகள். இலவசக் கல்வி என்று விளம்பரப் பலகையில் எழுதலாம். பேரேட்டில் இலவசம் என்று ஒரு கணக்குத் தலைப்பு கிடையாது. ஒரு பக்கம் வரவு இல்லையென்றால் இன்னொரு பக்கம் யாரோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள், நமக்குப் பெயர் தெரியவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் கல்லூரியில் இதற்கு டிஸ்கவுன்ட் என்று பெயர். பிள்ளைகளை அனுப்பும் தமிழ்ப் பெற்றோர் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்காலர்ஷிப் கடிதத்தில் ‘வருடத்துக்கு இருபதாயிரம் டாலர் உதவித்தொகை’ என்று இருக்கும், வீட்டில் பாயசம் வைப்பார்கள். அந்த இருபதாயிரம் பல சமயம் எந்த நிதியிலிருந்தும் வருவதில்லை. போட்ட விலையில் குறைத்துக்கொண்டது, ஆடித் தள்ளுபடி மாதிரி. அமெரிக்கத் தனியார் கல்லூரிகளில் முதல் வருட மாணவர்களுக்குப் போட்ட விலையில் சராசரியாகப் பாதிக்கு மேல் இப்படித்தான் போகிறது. பெரிய அறக்கட்டளை உள்ள இடம் தாங்கும். எங்களைப் போன்ற இடத்தில், அந்தத் தள்ளுபடியை ஐந்து வருடமாகச் சம்பளம் ஏறாத ஆங்கில வாத்தியார் கட்டினார். ஒழுகுகிற நூலகக் கூரை கட்டியது. பகுதிநேரத்துக்கு மாற்றப்பட்ட துப்புரவுப் பெண்மணி கட்டினார். என் திரையில் அவர்கள் யாருடைய பெயரும் வராது.

சரி, ஜார்ஜ்டவுனுக்கு வருகிறேன். 1796இல் லூயி துபூர் என்ற பிரெஞ்சுச் சாமியார் தலைவரானார். பெரிய கை. எல்லாம் தரமாக இருக்க வேண்டும். இரண்டே வருடம், கடனோடு கிளம்பினார். அவர் சார்ந்த சுல்பீசியன் சபையார் பக்கத்து பால்டிமோரில் ஒரு கல்லூரி திறக்க, இருந்த கொஞ்ச மாணவர்களுக்கும் போட்டி வந்தது. அடுத்து வந்த லியோனார்ட் நீல் நேர் எதிர். கல்லூரியை மடம் மாதிரி நடத்தினார், பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தாராளமாகச் செலவழித்தவரும் கடனில் விட்டார், கச்சையை இறுக்கியவரும் காலி வகுப்பறையில் விட்டார். எங்கள் கடைசி இரண்டு தலைவர்களை எனக்கு இங்கே ஞாபகம் வந்ததைச் சொல்லாமல் விடுகிறேன்.

தூக்கி நிறுத்தியவர் ஜொவானி கிராசி என்ற இத்தாலியர். சீனாவுக்கு அனுப்பப்பட்டவர் அவர். கப்பல் கிடைக்காமல் ஐரோப்பாவிலேயே வருடக்கணக்கில் அலைந்து, கடைசியில் அமெரிக்காவில் வந்து இறங்கினார். 1812இல் தலைவரானார். கணிதம், வானியல் தெரிந்தவர், பெற்றோரிடம் பேசத் தெரிந்தவர். ஆள் சேர ஆரம்பித்தது.

அந்தக் காலத்தில் அவர்கள் எடுத்த ஒரு முடிவுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. நியூயார்க்கில் அந்தோணி கோல்மன் என்ற சாமியார் 1808இல் ஒரு கல்லூரி தொடங்கியிருந்தார். இன்றைக்கு ஐந்தாம் அவென்யூவில் செயின்ட் பேட்ரிக் பேராலயம் நிற்கிற இடம், அப்போது ஊருக்கு வெளியே. நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் மதம் பார்க்காமல் வந்து சேர்ந்தார்கள். ஆனால் சபையில் ஆள் இல்லை. ஜார்ஜ்டவுனுக்கும் நியூயார்க்குக்கும் சேர்த்துப் பாடம் எடுக்கப் போதுமான சாமியார்கள் இல்லை. நியூயார்க்தான் நாளைக்குப் பெரிய ஊர், அதை விடாதீர்கள் என்று கோல்மன் மன்றாடிப் பார்த்தார். 1813இல் நியூயார்க்கை மூடினார்கள்.

கோல்மன் சொன்னது சரி, நியூயார்க் எப்படி வளர்ந்தது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் மூடியவர்கள் பக்கம்தான் நான். இரண்டு இடத்தில் அரைகுறையாக நடத்தியிருந்தால் இரண்டும் போயிருக்கும். எங்கள் கல்லூரி நேர்மாறாகச் செய்தது. மாணவர் குறைகிறார்கள் என்றதும் நாற்பது மைல் தள்ளி ஒரு கிளை, ஆன்லைன் எம்.பி.ஏ. ஒன்று. வாத்தியார் அதே ஆட்கள்தான், கார் ஓட்டும் நேரம் மட்டும் கூடியது. கிளையில் சேர்ந்த முதல் பேட்ச் பதினோரு பேர். அவர்களுக்கு ரசீது போட்டது நான்தான், அதனால் தெரியும். ஒரு ஸ்தாபனம் பணத்தட்டுப்பாட்டில் இருக்கும்போது புதிதாக ஒன்றைத் திறந்தால், யார் அதை நடத்தப் போகிறார்கள் என்று ஆள் ஆளாகப் பெயர் கேளுங்கள். பெயர் வராவிட்டால் விலகி நில்லுங்கள்.

தாமஸ் மல்லெடி 1829இல் ஜார்ஜ்டவுன் தலைவரானார். கெட்டிக்காரர், சுறுசுறுப்பானவர். மாணவர் எண்ணிக்கை ஏறியது, ஏறிய வேகத்தில் கட்டடம் எழுப்பினார், கடன் வாங்கித்தான். நல்ல வருடத்தில் கட்டடம் எழுப்புவதும் கெட்ட வருடத்தில் வட்டி கட்டுவதும் கல்லூரிகளின் பரம்பரை வியாதி. 1837இல் நாடு முழுக்க வங்கிகள் விழுந்தன, கையில் பணப்புழக்கம் நின்றது. மேரிலாந்துச் சபைக்குள் அடிமைகளை விடுவிப்பதா, வைத்திருப்பதா, விற்பதா என்ற வாதம் வருடக்கணக்கில் நடந்துகொண்டிருந்தது. விற்கச் சொன்னவர்களில் மல்லெடி முன்னால் நின்றார்.

ரோமிலிருந்த சபை அதிபர் யான் ரூதான் விற்க அனுமதி கொடுத்தார். அந்த அனுமதியே பெரிய பாவம் என்பது என் கருத்து. ஆனால் அதிலும் நிபந்தனைகள் இருந்தன. குடும்பங்களைப் பிரிக்கக் கூடாது. போகும் இடத்தில் அவர்கள் மதக் கடமைகளைச் செய்ய வழி இருக்க வேண்டும். வரும் பணம் கடனை அடைக்கவோ அன்றாடச் செலவுக்கோ போகக் கூடாது, முதலாக வைத்து இளம் சாமியார்களின் பயிற்சிக்குப் பயன்பட வேண்டும்.

1838 ஜூன் 19ஆம் தேதி ஒப்பந்தம். 272 பேர், 1,15,000 டாலர். வாங்கியவர்கள் லூசியானாவின் முன்னாள் கவர்னர் ஹென்றி ஜான்சன், ஜெஸ்ஸி பேட்டி என்ற தோட்ட முதலாளி. பட்டியலில் முதல் பெயர் ஐசக், வயது 65. அதற்குக் கீழே பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கைக்குழந்தைகள், ஆளுக்கு ஒரு வயது எழுதி. அந்த வருடக் கடைசியில் கேத்தரின் ஜாக்சன் என்ற கப்பல், அவர்களில் நூற்றுக்கு மேற்பட்டோரை அலெக்சாண்டிரியாவில் ஏற்றி நியூ ஆர்லியன்ஸில் இறக்கியது. குடும்பங்கள் பிரிந்தன. போன இடத்தில் கோயில் பக்கத்தில் இல்லை. முன்பணமாக வந்த 25,000 டாலரில் 17,000 ஜார்ஜ்டவுன் கட்டடக் கடனுக்கும் பாக்கிகளுக்கும் போனது. 8,000 பால்டிமோர் பேராயருடன் இருந்த ஒரு பழைய வழக்கைத் தீர்க்கப் போனது. ஒரு நிபந்தனையும் மிஞ்சவில்லை.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மனிதர்களை விற்றதையும் நான் போட்ட பதிவையும் ஒரே தராசில் வைக்கிற அளவுக்குப் புத்தி கெட்டுப்போகவில்லை. உறுத்தியது அந்த ஒரு வரிதான், கடனுக்கோ அன்றாடச் செலவுக்கோ போகக் கூடாது என்பது. நிபந்தனையோடு வந்த பணத்தை நெருக்கடியில் எடுப்பவர்களிடம் எல்லாக் காலத்திலும் ஒரே வாக்கியம்தான் இருக்கிறது போல, இப்போதைக்கு எடுத்துக்கொள்வோம் என்று. எங்கள் பாட்டியின் தொண்ணூறு நாள் அப்போது நூற்றுப்பத்தாகியிருந்தது.

மல்லெடி ரோமுக்கு அழைக்கப்பட்டார். சில வருடம் ஐரோப்பாவில் இருந்துவிட்டு 1843இல் திரும்பியவருக்கு என்ன வேலை கிடைத்தது தெரியுமா? மாசசூசெட்ஸில் வூஸ்டர் நகரத்துக் குன்றில் ஆயர் பெனடிக்ட் ஃபென்விக் புதிதாகத் தொடங்கிய ஹோலி கிராஸ் கல்லூரியின் முதல் தலைவர் பதவி. ஒரு கிளையில் குளறுபடி செய்த மேனேஜரை அடுத்த கிளைக்கு மாற்றுவது வங்கிகளில் மட்டும் என்று நினைத்திருந்தேன்.

அங்கே அடுத்த வருடமே சேர்ந்த பையன்களில் ஹீலி சகோதரர்கள் உண்டு. அப்பா ஜார்ஜியாவில் தோட்டம் வைத்திருந்த ஐரிஷ்காரர், அம்மா அவருடைய அடிமை. அந்த மாநிலச் சட்டப்படி பிள்ளைகளும் அடிமைகள்தான், அதனால்தான் அப்பா அவர்களை வடக்கே அனுப்பினார். 272 பேரை விற்றவர் தலைவராக இருந்த கல்லூரியில் அவர்கள் லத்தீன் படித்தார்கள். மூத்தவர் ஜேம்ஸ் ஹீலி 1849இல் வெளிவந்த முதல் அணியில் முதல் மாணவர், பிறகு ஆயர். தம்பி பேட்ரிக் சேசு சபையில் சேர்ந்து, 1870களில் ஜார்ஜ்டவுன் தலைவராகி, 1877இல் அங்கே ஒரு மாபெரும் கோபுரக் கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டினார். அதற்கும் கடன்தான், அவர் போன பிறகும் உள்ளறைகள் முடியாமல் கிடந்தன. மகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் ஆற்றுப் பாலத்தில் வரும்போதே அந்தக் கோபுரம் தெரியும். இந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லவே தனிக் கட்டுரை வேண்டும்.

ஹோலி கிராஸிடமிருந்து நான் கற்ற பாடம் பட்டம் சம்பந்தமானது. அது கத்தோலிக்கப் பையன்களை மட்டுமே சேர்த்த கல்லூரி. 1849இல் மாநிலச் சட்டமன்றத்தில் சாசனம் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். மதம் பார்த்துச் சேர்ப்பது ஒரு காரணம், கத்தோலிக்கர்கள்மேல் அந்த ஊருக்கு இருந்த காய்ச்சல் இன்னொன்று. படித்து முடித்தவனுக்குப் பட்டம் கொடுக்கச் சொந்த அதிகாரம் இல்லை. 1865இல் சாசனம் கிடைக்கும்வரை ஜார்ஜ்டவுன் பெயரில்தான் பட்டம் போனது. நடுவில் 1852 ஜூலையில் கட்டடமே எரிந்தது. குன்றை விட்டுப் போய்விடலாம் என்ற பேச்சு எழுந்து, எப்படியோ தப்பித்து மறுபடி திறந்தார்கள். பட்டம் கொடுக்க இன்னொரு கல்லூரி கைகொடுக்காமல் இருந்திருந்தால் அந்தப் பையன்கள் நடுத்தெருவில்தான்.

எங்கள் கல்லூரி மூடியபோது நடந்தது இதுதான். பாதியில் நிற்கும் மாணவர்களை எடுத்துக்கொண்டு, அதே செலவில் முடிக்க வைக்கப் பக்கத்துக் கல்லூரியோடு ஒப்பந்தம் போட வேண்டும். டீச்-அவுட் என்பார்கள். நர்சிங்குக்கு ஒப்பந்தம் இருந்தது, வணிகவியலுக்கு இருந்தது. இசைப் பிரிவுக்கு இல்லை. எட்டுப் பிள்ளைகள். அதில் ஒரு பையன் கவுன்டர் கண்ணாடிக்கு வெளியே நின்று, “பாக்கியைக் கட்டிவிட்டேனே, ஏன் என் மார்க் ஷீட் வரவில்லை?” என்று கேட்டான். பாக்கி இருந்தால் கணக்கில் ஹோல்ட் போட்டு மார்க் ஷீட்டை நிறுத்திவைப்போம். அவன் கட்டியும் யாரும் ஹோல்டை எடுக்கவில்லை, எடுக்க வேண்டிய பெண்ணை முந்தின வாரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நானே எடுத்துவிட்டு, அச்சடித்து, உறை ஒட்டிக் கையில் கொடுத்தேன். மூன்று பிரதி.

அதனால் சின்னக் கல்லூரியில் பிள்ளை படிக்கும் பெற்றோருக்கு இரண்டு விஷயம் சொல்வேன். ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் முத்திரையிட்ட மார்க் ஷீட் ஒரு பிரதி வாங்கி வீட்டில் வையுங்கள், கல்லூரி நன்றாக இருக்கும்போதே. லாப நோக்கமற்ற கல்லூரிகளில் பெரும்பாலானவை வருடாவருடம் வரித்துறைக்குத் தரும் 990 என்ற படிவத்தை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மூன்று வருடப் படிவங்களை எடுத்து, வரவைவிடச் செலவு தொடர்ந்து கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள். கணக்குத் தெரிந்த உறவுக்காரர் ஒருவர் போதும், அரை மணி நேர வேலை. பிள்ளை வெளிநாட்டு மாணவர் விசாவில் இருந்தால் இது இரட்டிப்பு முக்கியம், கல்லூரி மூடினால் விசாப் பதிவை வேறு இடத்துக்கு மாற்றும் வேலையும் உங்கள் தலையில்தான் விழும்.

மற்றக் கல்லூரிகளும் இதே பாடுதான். கலிபோர்னியாவில் ஜான் நோபிலி 1851இல் கையில் 150 டாலரோடு பழைய மிஷன் கட்டடத்தில் சாண்டா கிளாராவைத் தொடங்கினார். ஐந்து வருடத்தில் காலில் ஆணி குத்தி, இசிவு வந்து இறந்தார். சான் பிரான்சிஸ்கோவில் அந்தோணி மராஸ்கி மார்க்கெட் தெருவில் மணல் மேட்டுக்கு நடுவே 1855இல் திறந்தபோது மூன்று மாணவர்கள். பாஸ்டன் கல்லூரி 1864இல் 22 பையன்களோடு ஆரம்பித்தது. அதன் முதல் தலைவர் ஜான் பாப்ஸ்ட், பத்து வருடம் முன்பு மெய்ன் மாநிலத்தில் கத்தோலிக்க எதிர்ப்புக் கும்பலிடம் சிக்கி உடம்பெல்லாம் தார் பூசி இறகு ஒட்டப்பட்டவர். அப்படிப்பட்டவருக்குக் கல்லூரிக் கடன் பெரிய விஷயமாகத் தெரிந்திருக்காது. பாஸ்டனில் முதல் பட்டம் கொடுக்க 1877 ஆனது. லத்தீனும் கிரேக்கமும் ஏறுவரிசையில் வருடக்கணக்கில் படிக்க வேண்டிய 1599ஆம் வருடப் பாடத்திட்டத்தை வைத்திருந்தார்கள். பிள்ளைகளோ கணக்கெழுதத் தெரிந்ததும் வேலைக்குப் போய்விட்டார்கள். நானும் அந்த வகைதான், பி.காம். முடித்த மறுமாதம் வேலை.

2019 இலையுதிர் காலத்தில் மகளின் அடுத்த பில் வந்தது. தொழில் புத்தி, வரி வரியாகப் பார்த்தேன். பாடக் கட்டணம், விடுதி, மருத்துவக் காப்பீடு, மாணவர் நடவடிக்கைக் கட்டணம். 27 டாலர் 20 சென்ட் இல்லை. மாணவர் வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு வென்றதுதான். நிர்வாகம் அதை ஃபீஸாக வாங்காமல், நன்கொடை திரட்டி வருடத்துக்கு நாலு லட்சம் டாலர் அளவில் ஒரு நிதி வைப்பதாக அறிவித்தது. மகளுக்கு அதில் கோபம். “நாங்க கட்டணும்னுதானே ஓட்டுப் போட்டோம், யாரோ பணக்காரர் கட்டறதுக்கா?” என்றாள். நிர்வாகம் ஏன் அப்படிச் செய்யும் என்று கணக்குக்காரனாக எனக்குப் புரிந்தது. சொல்லவில்லை.

அந்த மாதம் அவளைப் பார்க்கப் போனபோது மல்லெடியின் பெயர் தாங்கியிருந்த கட்டடத்துக்குக் கூட்டிப்போனாள். மாணவர்கள் போராடி, 2017 முதல் அது ஐசக் ஹாக்கின்ஸ் ஹால். பட்டியலில் முதல் பெயர். விடுதிதான், வாசலில் ஒரு பையன் பீட்சா டப்பாவோடு கதவுக்கு அட்டை தேய்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தோம்.

எங்கள் கல்லூரி 2021 மே மாதம் மூடியது. பாட்டியின் பணம் திரும்பி வரவில்லை. தர்மச் சொத்துகளுக்கு மாநில அட்டர்னி ஜெனரல்தான் பொறுப்பு என்பதால், அந்த அலுவலகத்திலிருந்து ஒரு வழக்கறிஞர் வீடியோவில் கூப்பிட்டார். மரியாதையான இளம்பெண், என் மகளைவிட ஏழெட்டு வயது கூட இருக்கலாம். திரையில் என் பதிவைக் காட்டினார்.

“இந்த இனிஷியல் உங்களுடையதா?”

“ஆமாம்.”

“யாராவது போடச் சொல்லி எழுத்தில் ஏதாவது இருக்கிறதா? மின்னஞ்சல், குறிப்பு?”

“இல்லை. வாய்வார்த்தைதான்.”

குறித்துக்கொண்டார். பக்கத்தைக் கீழே நகர்த்தி அடுத்த பதிவைக் காட்டினார். அதன் கீழும் அதே மூன்று எழுத்து.